டாக்டர் வண்டியும் மஞ்ச பெயிண்டும்

நம்ம ஊர்ல விக்கிற பழைய கார் அத்தனையும் ஒரு டாக்டர் ஓட்டினதுதான். வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும் போய் வந்தது, வேற எங்கயும் போனதில்லை. பழைய கார் வாங்கப் போன எல்லாரும் இதைக் கேட்டிருப்பீங்க. கணக்குப் போட்டுப் பார்த்தா தமிழ்நாட்டுல நோயாளிகளை விட டாக்டர்கள் ஜாஸ்தியா இருந்திருக்கணும்.

எங்க அப்புச்சியோட அம்பாசடரும் டாக்டர் வண்டிதான். மார்க் 2 மாடல். 1974ல கோயமுத்தூர் டாக்டர் ஒருத்தர்கிட்ட இருந்து வாங்கினதுன்னு எங்க வீட்டுல எல்லாருக்கும் பாடம். கல்யாணம், காதுகுத்து, பழனி பாதயாத்திரைக்குப் பின்னாடி சாப்பாடு ஏத்திக்கிட்டு வர்றதுன்னு எல்லாத்துக்கும் ஓடின வண்டி, அப்புச்சி போனதுக்கப்புறம் பொள்ளாச்சி பக்கம் தோட்டத்துச் சாளைல தார்ப்பாய் போத்திக்கிட்டு பதினஞ்சு வருசம் நின்னுச்சு. கோழி முட்டை வெச்சிருந்தது உள்ள. (கொசுவத்தியை இத்தோட அணைச்சிடறேன்.)

மாமாவுக்குத் திடீர்னு அதைச் சரி பண்ணி ஓட்டணும்னு ஆசை வந்துச்சு. லாரியில ஏத்தி உக்கடம் கொண்டு வந்தோம்.

ஏன் உக்கடம்னு வெளியூர்க்காரங்க கேக்கலாம். பாலக்காட்டு ரோடும் பொள்ளாச்சி ரோடும் வந்து சேர்ற இடம். ஒரு பக்கம் பெரியகுளம், ஒரு பக்கம் மீன் மார்க்கெட், நடுவுல பழைய வண்டி சாமான் கடைகள். 2024 ஆகஸ்ட்ல ஆத்துப்பாலம் வரைக்கும் மேம்பாலம் திறந்ததுக்கப்புறம் மேல போறவங்களுக்குக் கீழ என்ன இருக்குன்னே தெரியறதில்லை. இந்த மோட்டார் பைத்தியம் எங்க ஊருக்குப் புதுசும் இல்லை. ஜி.டி. நாயுடு 1920ல பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவுல ஒத்தை பஸ் விட்டு ஆரம்பிச்சவர். அவர் குடும்பத்தோட கார் மியூசியம் அவிநாசி ரோட்டுல 2015ல இருந்து இருக்கு. அங்க பளபளன்னு நிக்கிற காரைப் பார்த்து வாயைப் பொளக்கறவங்க, அந்தப் பளபளப்புக்கு அடியில என்ன வேலை நடந்திருக்கும்னு தெரிஞ்சுக்கணும்னா இந்த மாதிரி பட்டறைகளுக்குத்தான் வரணும்.

பட்டறைக்கார பாய் வண்டியை ஒரு சுத்து சுத்தி வந்தார். விரல் மடிச்சு கதவைத் தட்டினார். டொக்குன்னு கேட்டுச்சு, டங்குன்னு கேக்கலை. உள்ள பட்டி. "மேலாக்க அடிச்சா ரெண்டு மழைக்குத் தாங்குமுங்ண்ணா. அப்புறம் பட்டியோட பேந்துக்கும். தகரம் தெரியற வரைக்கும் உரிச்சுப் போடலாம், என்ன சொல்றீங்க?"

மாமா சரின்னுட்டார்.

உரிக்கறதுக்கு முன்னாடி அவர் ஒண்ணு செஞ்சார். கதவுல ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு 400 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணியில நனைச்சு வட்டமாத் தேய்ச்சார். மெதுவா, நடுவுல மட்டும் அழுத்தம் கொடுத்து. அஞ்சு நிமிசத்துல மரத்தை அறுத்தா தெரியற வளையம் மாதிரி ஒண்ணுக்குள்ள ஒண்ணா கலர் வந்துச்சு. வெளிய வெள்ளை. அடுத்தது கிரீம். அப்புறம் சாம்பல் கலர்ல பட்டி. அப்புறம் கருப்பு. கடைசியா செங்காவி கலர்ல பிரைமர். நடுவுல மின்னிக்கிட்டு ஒரு பொட்டுத் தகரம். அம்பது வருசத்துக்கு மேல அங்க இருந்திருக்கு, வெளிச்சமே பார்க்காம.

வெள்ளை, மாமா அடிச்சது, தொண்ணூறுகள்ல. கிரீம், அப்புச்சி காலத்துது, எனக்கே லேசா ஞாபகம் இருக்கு. கருப்பு கம்பெனி கலர். "டாக்டர் கருப்பு வண்டி வெச்சிருந்திருக்காரு பாரு, அந்தக் காலத்துல அதுதான் கெத்து" அப்படின்னார் மாமா.

கருப்புன்னதும் ஃபோர்டு ஞாபகம் வராம இருக்காது. மாடல் டி கார் 1908ல வந்தப்போ பச்சை, சிவப்பு, சாம்பல்னு மத்த கலர்லதான் கிடைச்சுது. 1914ல இருந்து 1925 வரைக்கும்தான் கருப்பு மட்டும். மலிவு, நல்லாத் தாங்கும், ஒரே கலர்னா ஃபேக்டரியில குழப்பம் இல்லை. கலர் வேணும்னு நினைச்ச மத்த கம்பெனிகளுக்குத்தான் தலைவலி. குதிரை வண்டிக்கு அடிச்ச மாதிரியே ஆளி விதை எண்ணெய் பெயிண்டும் வார்னிஷும் பிரஷ்ல அடிக்கணும். ஒரு கோட் அடிச்சு, காய வெச்சு, தேய்ச்சு, அடுத்த கோட். ஒரு காருக்கு வாரக்கணக்குல ஆகும். காரைச் செய்யறதை விட அது காயறதுக்குத்தான் இடம் ஜாஸ்தி வேணும்.

இதை உடைச்சது வெடிமருந்துக் கம்பெனி. டுபாண்ட். பஞ்சை நைட்ரிக் அமிலத்துல ஊற வெச்சா வர்ற நைட்ரோசெல்லுலோஸ்தான் துப்பாக்கிப் பஞ்சு, சினிமா பிலிமும் அதுதான். 1920 ஜூலைல அவங்க ஆலையில ஒரு பீப்பாய் நைட்ரோசெல்லுலோஸ் கலவை வெயில்ல அப்படியே கிடந்து, கெட்டியா இருந்தது தண்ணி மாதிரி இளகிடுச்சு. அதுவரைக்கும் இருந்த சிக்கலே அதுதான். இளக்கணும்னா கரைப்பானை ஏகமா ஊத்தணும், ஊத்தினா கலர் நிக்காது. இப்போ கலர் நிறையக் கலக்கலாம், அப்படியும் தெளிக்கலாம்னு ஆச்சு. 1923ல அதுக்கு டூகோன்னு பேர் வெச்சாங்க. ஜெனரல் மோட்டார்ஸ் 1924 மாடல் ஓக்லாந்து கார்களை நீலக் கலர்ல இறக்குச்சு. வாரக்கணக்கு வேலை நாள் கணக்குக்கு வந்துச்சு. (பஞ்சு ஊர்க்காரங்க கொஞ்சம் பெருமைப்பட்டுக்கலாம். உலகத்துல காருக்குக் கலர் வந்ததே பஞ்சாலதான்.)

இன்னிக்கும் நம்ம பெயிண்டர்கள் வாயில டூகோ போகலை. அந்தச் சரக்கு என்னிக்கோ வழக்கொழிஞ்சு போச்சு, ஆனா கபோர்டு கதவுக்குப் பளபளன்னு அடிக்கணும்னா தச்சர் டூகோ பெயிண்ட்னுதான் சொல்றார்.

அதைத் தெளிக்கிற துப்பாக்கி வந்த கதை இன்னும் வேடிக்கை. அமெரிக்காவுல டொலிடோங்கற ஊர்ல டிவில்பிஸ்னு ஒரு டாக்டர் (இவர் நிஜ டாக்டர்), தொண்டை வலிக்கு மருந்து பீய்ச்சற கருவி ஒண்ணு 1888ல செஞ்சார். அவர் பையன் அதே சூத்திரத்தை எடுத்து 1907ல பெயிண்ட் அடிக்கிற ஸ்ப்ரே கன் ஆக்கிட்டார். ஆகவே பாய் கையில இருக்கற ஸ்ப்ரே கன்னுக்கு மூதாதை தொண்டை மருந்து.

ஒரு துணியில தின்னர் நனைச்சு பாய் அந்த வளையத்தைத் துடைச்சுக் காட்டினார். வெள்ளை அசையலை. கிரீம் கலர் துணியில வந்துடுச்சு. வித்தியாசம் என்னன்னா, நைட்ரோசெல்லுலோஸ் சரக்கு தின்னர் ஆவியாகிப் போறதால மட்டும் காயுது. உள்ளுக்குள்ள ஒரு மாற்றமும் இல்லை. மறுபடி தின்னர் பட்டா மறுபடி இளகும். எனாமல் அப்படி இல்லை, காத்துல இருக்கற ஆக்சிஜனோட சேர்ந்து இறுகிடும், அப்புறம் தின்னருக்கு மசியாது. ஆக அப்புச்சி அடிச்சது பட்டறையில அடிச்ச டூகோ வகையறா, மாமா அடிச்சது சிந்தெடிக் எனாமல். "காசு மிச்சம் பண்ணியிருக்கீங்க" அப்படின்னு பாய் சொன்னதுக்கு மாமா பதில் சொல்லலை.

அடுத்த நாள் காலைல உரிக்கற வேலை. வேலை செஞ்சவர் ஒரு பெரியவர், அறுபது வயசு இருக்கும். ஏழு மணிக்கே ஆரம்பிச்சார். கையில தேங்காய் எண்ணெய் தடவிக்கிட்டார். கைக்குட்டையை மூக்குல கட்டிக்கிட்டார். டப்பாவுல இருந்து கஞ்சி மாதிரி கொழகொழன்னு இருந்த ரிமூவரைப் பழைய பிரஷ்ல எடுத்து ஒரே பக்கமா இழுத்து அப்பினார். திருப்பித் திருப்பித் தேய்க்கலை. மேல ஒரு பிளாஸ்டிக் தாளைப் போத்தினார். கால் மணி நேரம். அப்பளம் எண்ணெய்ல போட்ட மாதிரி பெயிண்ட் கொப்புளம் கொப்புளமா எழும்புச்சு. பட்டித் தகட்டை வெச்சு இழுத்தா தோலோட வருது.

ஏன் விடியக்காலைல ஆரம்பிக்கிறீங்கன்னு கேட்டேன். "வெயில் வந்தா மருந்து நிக்காதுங் தம்பி. பறந்துரும்."

படிப்பில்லாத அந்த மனுசன் சொன்னது சுத்தமான கெமிஸ்ட்ரி. இந்த மாதிரி ரிமூவர்ல முக்கியமான சரக்கு மெத்திலின் குளோரைடு. அது கொதிக்கிறது சுமார் 40 டிகிரியில. சித்திரை மாசத்து மத்தியானத்துல வெயில்ல நிக்கிற தகரம் அதை விடச் சூடு. அதுக்காகத்தான் உள்ளயே மெழுகும் கலந்திருக்காங்க, மெழுகு மேல ஏடு மாதிரி படிஞ்சு ஆவி போகாம மூடும். திருப்பித் தேய்ச்சா ஏடு உடைஞ்சிடும். பிரஷ்ஷை ஒரே பக்கமா இழுக்கற ரகசியம் அதுதான்.

ஆனா பறக்கற ஆவி எங்க போகுதுன்னு நான் அவர்கிட்ட கேக்கலை. எனக்கே வீட்டுக்கு வந்து படிச்சப்புறம்தான் தெரிஞ்சுது. மூச்சுல உள்ள போற மெத்திலின் குளோரைடை நம்ம உடம்பு கார்பன் மோனாக்சைடா மாத்துது. அதாவது, மூடின ரூம்ல கார் இஞ்சினை ஓட விட்டா வர்ற அதே விஷம், நம்ம ரத்தத்துக்குள்ளயே தயாராகுது. அமெரிக்காவுல 2000ல இருந்து 2011க்குள்ள குளியல் தொட்டிக்குப் பெயிண்ட் உரிக்கப் போன 13 பேர் சின்ன பாத்ரூமுக்குள்ளயே செத்துப் போயிருக்காங்க. 2019ல அங்க பொதுமக்களுக்கு இந்த ரிமூவரை விக்கக் கூடாதுன்னுட்டாங்க, 2024ல தடையை இன்னும் பெருசாக்கினாங்க. ஐரோப்பாவுல அதுக்கும் முன்னாடியே. உக்கடத்துல அது அலமாரியில இருக்கு. கைக்குட்டை தூசியைக் கொஞ்சம் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. அந்தப் பட்டறைல இருக்கற ஒரே பாதுகாப்பு, அதுக்கு நாலு பக்கமும் சுவர் இல்லாததுதான். பாலக்காட்டுக் கணவாய் காத்து குறுக்கால அடிச்சுக்கிட்டு இருந்துச்சு.

ரிமூவர் வேணாம்னா வேற என்ன வழி? கிரைண்டர் போட்டு உலர்வா அரைக்கலாம். அது இன்னும் மோசம். பழைய பெயிண்ட்ல, முக்கியமா மஞ்சள்லயும் சிவப்புலயும், ஈயம் இருக்கும். 1920கள்ல அமெரிக்கக் கார் பட்டறைகள்ல தேய்ச்ச தூசியில ஈயம் ஏறி ஆளுங்க படுத்தாங்க. பிலடெல்பியாவுல மை வியாபாரம் பண்ணின பிரான்சிஸ் ஓக்கி கண்டுபிடிச்ச, தண்ணியில நனைச்சாலும் பிரியாத உப்புத்தாளை த்ரீஎம் கம்பெனி 1921ல கொண்டு வந்துச்சு. தூசி பறக்காம சேறா வழியும். நூறு வருசமா அந்தத் தாள் இருக்கு, ஆனா இன்னும் நேரம் மிச்சம்னு கிரைண்டரைப் போடறவங்க இருக்காங்க. நம்ம நாட்டுல பெயிண்ட்ல ஈயம் 90 பி.பி.எம். தாண்டக் கூடாதுன்னு 2016ல விதி போட்டாங்க, அது வீட்டு பெயிண்டுக்கும் அலங்கார பெயிண்டுக்கும்தான்.

மணலைப் பீய்ச்சி அடிக்கிற சாண்ட் பிளாஸ்டிங் 1870ல இருந்தே இருக்கு. எங்க ஊர் பவுண்டரிகள்ல வார்ப்பைச் சுத்தம் பண்ண இரும்புக் குண்டுகளை வெச்சு அதே மாதிரி செய்வாங்க. பம்பு செட்டு மூடி தாங்கும். கார் தகரம் தாங்காது, அப்பளமா நெளிஞ்சிடும். மணல் தூசி நுரையீரலுக்கு எமன், பிரிட்டன்ல வார்ப்பு வேலைக்கு மணல் கூடாதுன்னு 1949லயே சட்டம் வந்துடுச்சு. 1980கள்ல அமெரிக்க சுதந்திர தேவி சிலையைப் புதுப்பிச்சப்போ, உள்பக்கத் தாமிரத்துல ஒட்டியிருந்த தாரை சமையல் சோடாவை வெச்சுப் பீய்ச்சித்தான் எடுத்தாங்க. தகரத்துக்கும் அது நல்ல வழி. பாய்கிட்ட சொன்னேன். "சோடாவா? குடிக்கறதா?" அப்படின்னு சிரிச்சார்.

மத்தியானத்துக்குள்ள நாலு கதவும் முடிஞ்சு, அடுத்த நாள் காலைல டாப்புக்கு வந்தாங்க. வெள்ளை உரிஞ்சுது. கிரீம் உரிஞ்சுது. அதுக்கடியில பட்டி இல்லை (டாப்புல எவன் மோதப் போறான்). பெரியவர் கையை நிறுத்திட்டு எங்களைப் பார்த்தார்.

மஞ்சள்.

சாமந்திப்பூ மஞ்சள். டாப்பு முழுக்க. மஞ்சளுக்கு அடியில கம்பெனிக் கருப்பு.

கீழ கருப்பு, மேல மஞ்சள். தமிழ்நாட்டுல அதுக்கு ஒரே அர்த்தம்தான். எங்க அப்புச்சியோட டாக்டர் வண்டி, டாக்ஸி.

மாமா ஒண்ணும் பேசலை. குளத்துப் பக்கம் பார்த்துக்கிட்டு டீ குடிச்சார். எனக்கு என்னவோ அந்தக் கருப்பும் மஞ்சளும் சேர்ற கோட்டுலயே கண் நின்னுச்சு. கண்ணாடிக்கு மேல தண்ணி வடியற காடி ஓரமா, ஸ்கேல் வெச்சு இழுத்த மாதிரி நேர்க்கோடு. இந்தக் கோட்டுக்கும் ஒரு கதை இருக்கு. 1920கள்ல ரெண்டு கலர் கார் அமெரிக்காவுல பேஷன் ஆச்சு. ஒரு கலரை மறைச்சுத்தான் இன்னொண்ணை அடிக்கணும். செய்தித்தாளைப் பசை போட்டு ஒட்டி அடிப்பாங்க, பிச்சு எடுக்கும்போது பெயிண்டும் சேர்ந்து வந்துடும். உப்புத்தாள் மாதிரி கொடுக்கப் போன ரிச்சர்ட் ட்ரூங்கற த்ரீஎம் பையன், ஒரு பெயிண்டர் இதுக்காகக் கண்டபடி திட்டினதைக் காதால கேட்டுட்டு வந்து, ரெண்டு வருசம் மண்டையை உடைச்சு 1925ல செஞ்சதுதான் மாஸ்கிங் டேப். நம்ம டாக்ஸிகளோட மஞ்ச டாப்புக்கு அந்தத் திட்டுக்குத்தான் நன்றி சொல்லணும்.

கார் பெயிண்டோட அடுக்கை ரத்தினமா பார்க்கறவங்களும் இருக்காங்க. டெட்ராய்ட் ஃபேக்டரிகள்ல ஸ்ப்ரே அடிக்கிற இடத்துல சிந்தினது கோட் மேல கோட்டா வருசக்கணக்குல படிஞ்சு கல்லா இறுகிக் கிடந்துச்சு. அதை வெட்டி மெருகு போட்டு ஃபோர்டைட்னு பேர் வெச்சு மோதிரம், பதக்கம் பண்றாங்க. இப்போ அப்படிக் கிடைக்கிறது கஷ்டம். முக்கால்வாசி காரணம் பெயிண்ட் அடிக்கிற முறை மாறினது. அறுபதுகள்ல ஃபோர்டு ஃபேக்டரியில ஆரம்பிச்சு, காரோட முழு உடம்பையும் தொட்டியில முக்கி மின்சாரத்தால பிரைமரைப் பிடிக்க வெக்கிற முறை வந்துச்சு. பொந்து, மடிப்புன்னு பிரஷ்ஷும் ஸ்ப்ரேவும் போகாத இடமெல்லாம் அது போகும். அதனாலதான் புதுக் காரைத் தகரம் வரைக்கும் உரிக்கச் சொன்னா நல்ல பெயிண்டர் ஒத்துக்கமாட்டார். அந்த அடிக் கோட்டைப் பட்டறையில திருப்பிப் போட முடியாது. உரிக்கறது வைத்தியம் இல்லை, ஆபரேஷன். பட்டிக்கடியில துரு ஓடின கிழட்டு வண்டிக்குத்தான் அது.

தகரம் தெரிஞ்சதுக்கப்புறம் கடிகாரம் ஓட ஆரம்பிச்சிடும். பக்கத்துல குளம், சாயங்காலம் ஈரக் காத்து. அன்னிக்கே பிரைமர் அடிக்கலைன்னா காலைல தகரம் மேல காப்பி பொடி தூவின மாதிரி துரு பூத்திருக்கும். பாஸ்பாரிக் அமிலம் கலந்த தண்ணியில துடைச்சு, காய வெச்சு, ரெட் ஆக்சைடு அடிக்கணும். டாப்புல அந்த வேலையை ஆரம்பிக்கப் போனப்போ நான் பாய்கிட்ட ஒண்ணு கேட்டேன். டாப்பு பின்னாடி டிக்கி மூடியைத் தூக்கினா தெரியற மூலையில மட்டும், உள்ளங்கை அளவு, எல்லாக் கலரும் தெரியற மாதிரி விட்டுட முடியுமா?

"துரு புடிக்காதுங்களா?"ன்னு மாமாவைப் பார்த்தார். மாமா தலையாட்டினார்.

அந்த வாரமே ஊருக்குப் போய் அம்மிச்சிகிட்ட கேட்டேன். தயங்கித் தயங்கித்தான். அம்மிச்சிக்கு 88 வயசு. வெத்தலையை மடிச்சுக்கிட்டே கேட்டுச்சு.

"டாக்டருமில்ல, கீக்டருமில்ல. பொள்ளாச்சி ஸ்டாண்டுல உங்க அப்புச்சிதான் ஓட்டிட்டிருந்தாங்க. மொதலாளி வண்டி. ரெண்டு வருசம். அப்புறம் அந்த வண்டியவே கெரயம் பண்ணிட்டாங்க."

அப்புறம் ஏன் டாக்டர் கதை?

"உங்கம்மாளுக்கு ஜாதகம் பாத்துட்டிருந்தமல்ல. டாக்ஸிக்காரன் மகள்னா எவன் வருவான்? ராத்திரியோட ராத்திரியா கொண்டு போயி கலர் அடிச்சுட்டு வந்தாங்க."

எங்க அப்பா இதைக் கேட்டுட்டு ரெண்டு நாள் சிரிச்சார். அவர் குடும்பத்துல அந்தச் சம்பந்தத்துக்குச் சரின்னு சொன்னதுக்கு ஒரு காரணம், வீட்டு வாசல்ல நின்ன கிரீம் கலர் கார்தானாம்.

வண்டி இப்போ பட்டறையில செங்காவி உடம்போட நிக்குது. டிக்கி மூலையில ஒரு உள்ளங்கை மட்டும் வெள்ளை, கிரீம், மஞ்சள், கருப்பு. உரிச்ச பெரியவருக்கு ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் போட்ட முகமூடி ஒண்ணு வாங்கிக் கொடுத்தேன், போட்டுக்கிட்டா மூச்சு முட்டுதுன்னு ஆணியில மாட்டி வெச்சிருக்கார். மாமா போன வாரம் போன் பண்ணி, டாப்புக்கு மஞ்சள் அடிச்சா போலீஸ்காரன் பிடிப்பானாடான்னு கேட்டார். விசாரிச்சுக்கிட்டிருக்கேன்.